தட்டிப் பார்த்துச் சொல்கிறவர்

20 ஆண்டைத் தாண்டிய காரின் பதிவைப் புதுப்பிக்க இனி 10,000 ரூபாய் என்று 2025 ஆகஸ்டில் அறிவிப்பு வந்தது. 2022 ஏப்ரலுக்கு முன்பு அது வெறும் 600 ரூபாய். பிறகு 5,000 ஆனது. பள்ளி ஆசிரியரான என் நண்பரிடம் 2005இல் பதிவான மாருதி 800 ஒன்று இருக்கிறது. 2020இல் 600 கட்டி ஆர்.சி.யைப் புதுப்பித்தவர், இப்போது மறுபடியும் கெடு நெருங்குகிற நேரத்தில் செய்தியைப் படித்துவிட்டுக் கூப்பிட்டார். தரகர் ஒருவர் வீட்டு வாசலுக்கே வந்து 18,000 தருகிறேன் என்றாராம். புது வண்டி விற்கும் இடத்தில் எக்ஸ்சேஞ்ச் போனஸ் ஆசை காட்டினார்களாம். "பாய் ஒரு வார்த்தை சொல்லிட்டா போதும். நீயும் வா" என்றார்.

பாய் இருப்பது சென்னை புதுப்பேட்டையில். கூவத்தை ஒட்டிய அந்தத் தெருக்களில் கழற்றிய கதவுகள் சுவரோரம் சாய்ந்து நிற்கும். பம்பர்கள் கூரை வரை அடுக்கியிருக்கும். ஒரு சந்துக்குள் தகரக் கூரை போட்ட சின்ன டிங்கர் பட்டறை. அறுபதைக் கடந்த மனிதர், வலது காது கொஞ்சம் மந்தம். இடப்பக்கம் வந்து பேசச் சொல்கிறார்.

அவர் பானெட்டைத் திறக்கவே இல்லை. முன்சீட்டைக் கழற்றி, கால்மிதியையும் அடியிலிருந்த ஊறிப்போன ஃபெல்ட்டையும் உருவி எறிந்தார். ஸ்க்ரூ டிரைவரின் கைப்பிடியால் தரைத் தகட்டைத் தட்டிக்கொண்டே போனார். கணீரென்று வந்த சத்தம் டிரைவரின் குதிகால் படும் இடத்தில் மழுங்கியது. ஸ்க்ரூ டிரைவரைத் திருப்பி முனையால் அழுத்தினார். உள்ளே போய்விட்டது. கீழே சந்தின் மண் தெரிந்தது.

முன்கண்ணாடி ரப்பர் காய்ந்து, அதன் வழி கசிகிற மழைத்தண்ணீர் ஃபெல்ட்டுக்கு அடியில் தங்கிவிடுகிறது. சென்னையின் உப்புக்காற்று மிச்சத்தைப் பார்த்துக்கொள்கிறது. கதவுக்குக் கீழே ஓடும் ரன்னிங் போர்டு இன்னும் மோசம். அது உள்ளே கூடான பெட்டி. தண்ணீர் வடிய அடியில் வைத்த ஓட்டைகளைச் சேறு அடைத்தால் துரு உள்ளிருந்து வெளியே தின்றுகொண்டு வரும். பெயின்ட்டில் கொப்புளம் தெரியும்போது உள்ளே பாதி போயிருக்கும்.

"அப்போ அவ்வளவுதானா பாய்?" என்றார் நண்பர்.

"இருங்க சார். இன்னும் பாக்க வேண்டிய இடத்தைப் பாக்கலியே."

அதற்கப்புறம்தான் பானெட் திறந்தது, அதுவும் எஞ்சினுக்காக அல்ல. முன்சக்கர ஷாக் அப்சார்பர் மேலே வந்து முட்டும் இடத்தை மண்ணெண்ணெய் விட்டுத் துடைத்து, கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, டார்ச் அடித்துப் பார்த்தார். இரண்டு பக்கமும். "தரை போனா புதுத் தகடு வெட்டி வெல்டு வெச்சுக்கலாம். இது போயிருந்தா நானே எடுத்துட்டுப் போங்கன்னு சொல்லிடுவேன். வண்டியோட முன்பக்கப் பாரம் மொத்தமும் இங்கதான். இது நிக்குது."

பழைய வண்டியை வைத்துக்கொள்வதா கழிப்பதா என்ற கேள்விக்கு நான் கேட்டதிலேயே நேர்மையான பதில் இதுதான். ஆர்.சி.யில் எழுதியிருக்கும் ஆண்டு அதில் எங்குமே வரவில்லை.

பக்கத்துப் பட்டறை மெக்கானிக் எஞ்சினைப் பற்றி நிறையச் சொன்னார். மூன்று சிலிண்டர், 796 சிசி, ஆயில் குடிக்கவில்லை, எத்தனால் கலந்த பெட்ரோலுக்குப் பழைய ரப்பர் ஹோஸ்களை மட்டும் மாற்றிவிட வேண்டும் என்ற அளவோடு விடுகிறேன். என் கண் பாயின் கையிலிருந்த டாலியை விட்டு நகரவில்லை.

டாலி என்பது உள்ளங்கையில் அடங்கும் இரும்புக் கட்டி. ஒரு முகம் தட்டை, ஒரு முகம் வளைவு, ஓரம் கத்தி போல. அவருடையது தண்டவாளத் துண்டில் அறுத்துத் தேய்த்தது, தொழில் கற்றுத்தந்த உஸ்தாத் கொடுத்தது. யாரோ விட்டுப்போன கார் கதவு ஒன்றில் அடுத்து வேலை நடந்தது. பள்ளத்தின் பின்பக்கம் டாலியை அழுத்திப் பிடிக்கிறார். சுத்தியல் டாலிக்கு நேர் மேலே விழவில்லை. பள்ளத்தைச் சுற்றி எழும்பிய மேட்டில்தான் விழுகிறது. மேடு அடங்க அடங்கப் பள்ளம் தானாக எழுகிறது. நேராக டாலியின் மேலேயே ஓங்கி அடித்தால் தகடு நசுங்கி அகன்றுவிடும். அகன்ற தகடு டப்பா மூடி மாதிரி டொக்கு டொக்கென்று உள்ளும் வெளியும் போய்வரும்.

அதற்கும் அவரிடம் வைத்தியம் உண்டு. காஸ் நெருப்பில் ஒரு ரூபாய் அளவு இடத்தைச் சிவக்கக் காய்ச்சி, சுற்றிலும் மெல்லத் தட்டி, ஈரத்துணியை வைத்து அழுத்துகிறார். புஸ்ஸென்று ஆவி எழ, தகடு சுருங்கி இறுகுகிறது. பிறகு துணியை விரித்து அதன் மேல் உள்ளங்கையை ஓட்டுகிறார். கண்ணுக்குச் சமமாகத் தெரிந்த இடத்தில் அவர் கை நின்றது. மறுபடி இரண்டு தட்டு. ஒரு கரண்டி பட்டி பூசி ஐந்து நிமிடத்தில் மறைத்திருக்கலாம். மறைக்கவில்லை.

ஆம்பூர்ப் பக்கத்திலிருந்து சிறுவனாக வந்தவர். முதல் வருடங்களில் உப்புத்தாள் தேய்ப்பதும் டீ வாங்கிவருவதும்தான் வேலை. பட்டறையிலேயே, கழற்றிய பின்சீட்டில் தூக்கம். உஸ்தாத் சுத்தியலைத் தர வெகுகாலம் ஆயிற்றாம். அம்பாசிடர், பத்மினி, ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்று கனத்த தகடுகளில் கை பழகியபின் மாருதி வந்தபோது, இந்த மெல்லிய தகட்டில் எப்படி அடிப்பது என்று எல்லோருமே திகைத்தார்களாம். காது போனது இந்தச் சுத்தியல் சத்தத்தில். மகன் ஒரு சர்வீஸ் சென்டரில் இருக்கிறான். "அவன் அடிக்கறதில்ல. கழட்டறான், புதுசை மாட்டறான்" என்றார். குறையாகச் சொல்லவில்லை. எனக்குத்தான் குறையாகப் பட்டது.

எப்போது கழற்றி மாட்டுவது, எப்போது தட்டி எடுப்பது என்பதை யார் முடிவு செய்கிறார்கள்? பாய் தட்டிக்கொண்டிருந்த அந்தக் கதவுக்குரிய கார் ஓடிக்கொண்டிருந்த கார். ஆட்டோ ஒன்று இடித்து இரண்டு கதவும் ஃபெண்டரும் நசுங்கின. பழுதுச் செலவு காப்பீட்டு மதிப்பில் 75 சதவீதத்தைத் தாண்டினால் வண்டி மொத்த நஷ்டம் என்பது பாலிசியின் விதி. வண்டிக்கு வயதாக ஆக அந்த மதிப்பு தேய்ந்துகொண்டே வரும். புதுக் கதவின் விலையோ ஏறிக்கொண்டே போகும். ஆக, எலும்பு முறியாத வண்டி காகிதத்தில் செத்துவிடுகிறது. அதைச் சல்லிசாக வாங்கும் தரகர் இதே பாயிடம் கொண்டுவந்து, கூலியில் பேரம் பேசி, பளபளக்க வைத்து, இன்னொரு குடும்பத்தின் தலையில் நல்ல விலைக்குக் கட்டுகிறார். துரு விழுந்த வண்டி என்றால் பட்டியை அப்பிப் பூசச் சொல்கிறார். அப்படி வரும் வேலையைப் பாய் திருப்பி அனுப்பிவிடுகிறார். வாங்குகிறவர்களுக்காக ஆணியில் ஒரு பழைய ஸ்பீக்கர் காந்தம் தொங்குகிறது. துணி சுற்றி பாடியில் ஓட்டினால் தகட்டில் பிடிக்கும், கனத்த பட்டியில் வழுக்கும்.

வாசலில் வந்து நிற்கும் தரகனுக்கும் போனஸ் பேசும் விற்பனையாளருக்கும் உங்கள் கார் செத்துப்போனால்தான் வரும்படி. அது பிழைக்கும் என்று சொல்வதால் கூலி பெறுகிறவர் இந்தச் சந்தில் இருக்கும் ஒருவர்தான். அவரும்கூட, பிழைக்காது என்றால் பிழைக்காது என்கிறார். அப்படிப்பட்ட மனிதரின் தீர்ப்புக்கு எந்த விதியிலும் இடமில்லை என்பது எனக்கு ஆத்திரமாக இருக்கிறது. அரசின் ஸ்கிராப் கொள்கை, பழைய வண்டியைக் கொடுத்தால் புது வண்டி விலையில் 4 முதல் 6 சதவீதம் கிடைக்கும் என்கிறது, சாலை வரியில் 25 சதவீதம் வரை சலுகை தரலாம் என்கிறது. புகை கக்கும், உளுத்துப்போன வண்டிகள் போகத்தான் வேண்டும். ஆனால் பழுது பார்த்துத் தேற்றுகிறவருக்கு அதில் ஒரு பைசா சலுகை உண்டா?

நண்பரின் வண்டிக்குத் தரை, இரண்டு ரன்னிங் போர்டு, பெயின்ட் எல்லாம் சேர்த்து 26,000 சொன்னார் பாய். ஆர்.சி. கட்டணமும் பசுமை வரியும் தனி. கூடவே ஒன்றையும் மறைக்காமல் சொன்னார்: "இதுல ஏர்பேக் இல்ல, ஏபிஎஸ் இல்ல. ஸ்கூலுக்கு, மார்க்கெட்டுக்கு ஓட்டுங்க. ராத்திரியில திருச்சி ரோட்ல புள்ளைங்கள வெச்சுட்டு நூறுல போகாதீங்க."

நண்பர் கொஞ்ச நேரம் யோசித்தார். திருச்சிக்கு ரயில் இருக்கிறது என்றார். தகடு வாங்க 4,000 கொடுத்துச் சாவியையும் நீட்டினார். மழைக்கு முன்னால் முடித்துவிடலாம் என்று சொன்ன பாய், பையனைக் கூப்பிட்டு இரண்டாவது சீட்டையும் கழற்றச் சொன்னார்.