கருவைப் பிணைக்கும் துகள்

அணுக்கருவினுள் புரோட்டான்கள் நெருங்கி அமர்ந்துள்ளன. ஒத்த மின்னூட்டங்கள் ஒன்றையொன்று தள்ளும் என்பது பள்ளி மாணவரும் அறிந்த விதி. அவ்வாறாயின் கரு ஏன் சிதறுவதில்லை? ஒசாக்காப் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாற்றிவந்த ஹிடேக்கி யுக்காவாவின் உறக்கத்தைக் கெடுத்த வினா இதுவே.

கருத்துகள்கள் தம்முள் வேறொரு துகளைப் பரிமாறிக்கொள்வதாலேயே பிணைப்பு உண்டாகிறது என அவர் கருதினார். விசை எட்டும் தூரம் குறையக் குறைய, இடைச்செல்லும் துகளின் நிறை கூடும். கருவிசையோ கருவுக்கு அப்பால் எட்டுவதில்லை. ஆகவே அத்துகள் எலக்ட்ரானைப் போல் ஏறத்தாழ 200 மடங்கு நிறையுடையதாதல் வேண்டும் என 1935இல் எழுதினார். தூரத்தைக் கொண்டே நிறையைக் கணித்த அத்துணிவு வியப்பிற்குரியது.

1937இல் அண்டக் கதிர்களிடையே அத்தகு நிறையுடைய துகளொன்று தென்பட்டது. யுக்காவாவின் துகள் அகப்பட்டதென்றே பலரும் மகிழ்ந்தனர். எண் பொருந்திவிட்டால் விடையும் பொருந்தியதென எண்ணுவது மாணவர்க்கு மட்டுமே உரிய குறையன்று! அத்துகளோ கருக்களைப் பொருட்படுத்தாமல் ஊடுருவிச் சென்றது. கருவைப் பிணைக்க வேண்டியது கருவையே அறியாதிருக்குமா?

பத்தாண்டுகள் கழிந்தன. 1947இல் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்துப் பவல் குழுவினர், மலையுச்சியில் வைத்தெடுத்த ஒளிப்படத் தகடுகளில் உண்மைத் துகளைக் கண்டனர். பையான் எனப் பெயர் பெற்ற அதன் நிறை, எலக்ட்ரானைப் போல் சுமார் 273 மடங்கு. அது சிதைந்து, முன்னர் ஏமாற்றிய அதே துகளாக மாறிய தடமும் அத்தகடுகளிலேயே பதிந்திருந்தது.