இரண்டு வெண்மைகள்

கூடத்துச் சுவருக்கு வர்ணம் தேர்வது அற்ப விஷயம் என்று எண்ணுகிறவர்கள், ஐவரி, கிரீம் என்று கடைக்காரர் தரும் இரண்டு அட்டைகளை அருகருகே வைத்துச் சிறிது நேரம் பொறுமையுடன் நோக்குவார்களானால், வெள்ளை என்று நாம் பொதுவாக வழங்குவதற்குள் எத்தனை சூக்ஷ்ம பேதங்கள் அடங்கியிருக்கின்றன என்பதை உணர்வார்கள். இரண்டுக்கும் ஆதாரம் டைட்டானியம் டை ஆக்ஸைடு என்னும் வெள்ளைப் பொடிதான். எனக்குக் கிடைத்த கிரீமில் மஞ்சள் ஆக்ஸைடு சற்றுத் தூக்கலாகவும், ஐவரியில் செங்காவியின் சாயல் லேசாகவும் கலந்திருந்தன, அவ்வளவே.

ஆனால் எங்கள் கூடத்துத் தரை ரெட் ஆக்ஸைடு பூசி மெழுகியது. முற்பகலில் கிழக்கு ஜன்னல் வழியே விழும் வெயில் அத்தரையில் பட்டுச் சுவரின் கீழ்ப்பாதியில் பிரதிபலிக்கும்போது, ஐவரி ஏறக்குறைய ரோஜா நிறமாகவே மாறிவிடுகிறது. கிரீமோ அந்தச் செம்மையை உள்வாங்கிக்கொண்டு சாந்தமாக நிற்கிறது. இரவில், 6500 கெல்வின் எல்.இ.டி. விளக்கின் கீழ் அதே கிரீம் சற்றே பச்சை ஓடித் தோன்றியபடியால், விளக்கையே 2700 கெல்வினுக்கு மாற்றிவிடுவதென்று தீர்மானித்தோம்.

அட்டையை மட்டும் நம்பி முடிவு செய்யாதீர்கள் என்று நண்பர்களை மனமாரக் கேட்டுக்கொள்கிறேன். பிரைமர் அடித்த சுவரில் இரண்டடிச் சதுரத்துக்கு இரண்டு கோட் அடித்து, நன்றாக உலர்ந்த பிறகு காலையிலும் இரவிலும் பாருங்கள்; ஈரத்தில் தெரியும் நிறம் வேறு.

"சுண்ணாம்புல துளி மஞ்சக்காவி கலந்து அடிச்ச நம்ம பழைய வீட்டுச் சுவர் மாதிரியே இருக்குடா" என்று அம்மா கிரீமைத் தடவிப் பார்த்துச் சொன்னாள். பெயின்டரிடம் அதையே சொல்லியாயிற்று.