கை மட்டும்

வீரத்தைப் பற்றி நாம் நிறையப் பேசியாகிவிட்டது. அடக்கத்தைப் பற்றியும் பேசாமலில்லை; ஆனால் அதை ஒரு குணமாகத்தான் பேசினோம். அடக்கம் என்பது எடை போட்டு, சீசாவில் அடைத்து, விலைக்கு விற்கக்கூடிய ஒரு பொருள் என்று யாராவது சொல்லியிருந்தால் நான் சிரித்திருப்பேன். அந்தச் சீசாவையே என் கையில் கொடுத்தபோது சிரிப்பு வரவில்லை.

கொடுத்தவர் ஜீவ ரசாயனம் படித்த நண்பர். அவருடைய ஆராய்ச்சிக்கூடத்தில், பனிப்பெட்டியிலிருந்து எடுத்துக் காட்டினார். சுண்டுவிரல் உயரம்கூட இல்லை. அடியில் உப்புப் பூத்தாற்போலக் கொஞ்சம் வெள்ளைத் தூள்.

"நூறு மைக்ரோகிராம். ஒரு கிராமைப் பத்தாயிரம் கூறு போட்டால் அதில் ஒரு கூறு" என்றார்.

"கண்ணுக்குத் தெரிகிறதே?"

"தெரிகிறது பெரும்பாலும் சர்க்கரை, ஸார். புரதம் கெடாமல் இருக்கச் சேர்த்தது."

அந்தப் புரதத்தின் பெயர் பி.டி.-1. நம் உடம்பில் காவல் சுற்றும் டி செல்கள் சண்டைக்குக் கிளம்பும்போது அவற்றின் மேற்பரப்பில் முளைக்கிற ஏற்பி. ஏற்பி என்றால், வெளியே இருப்பதைத் தொட்டறிந்து உள்ளே சேதி சொல்லும் உறுப்பு. 1992-ல் ஜப்பானில், கியோட்டோ பல்கலைக்கழகத்தில், தசுக்கு ஹோஞ்சோவின் ஆராய்ச்சிக்கூடத்தில் இதன் ஜீனைக் கண்டுபிடித்தார்கள். செல் தன்னைத்தானே மாய்த்துக்கொள்ளும் காரியத்தில் இதற்குப் பங்கு இருக்கும் என்று நினைத்து, மரணத்தையே பெயரில் சேர்த்துவிட்டார்கள். 1999-ல் வெளிவந்த ஆராய்ச்சி வேறு கதை சொல்லிற்று. இந்த ஜீன் இல்லாத எலிகளில், காவல் படை சொந்த உடம்பையே தாக்கத் தொடங்கியிருந்தது. அடிப்பதற்கல்ல, அடிக்காமல் நிறுத்துவதற்கு ஏற்பட்ட உறுப்பு இது. டி செல் ஆயுதத்தை ஓங்கிக்கொண்டு வருகிறது. எதிரே நிற்கும் செல் பி.டி.எல்.-1 என்ற மற்றொரு புரதத்தை நீட்டுகிறது. இரண்டும் கைகோத்துக்கொள்கின்றன; ஆயுதம் தாழ்கிறது.

இப்படி ஒரு நல்ல குணம் இருந்தால் மோசக்காரன் அதை விட்டுவைப்பானா? புற்றுநோய்ச் செல்கள் பல அதே பி.டி.எல்.-1-ஐ அணிந்துகொண்டு சாதுவைப் போல நிற்கின்றன. காவற்காரன் ஏமாந்து போகிறான். இந்தக் கைகோப்பைத் தடுக்கும் மருந்துகள் 2014-ல் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் அனுமதி பெற்றன. 2018-ல் ஹோஞ்சோவுக்கும், இதே போன்ற மற்றொரு தடையை ஆராய்ந்த ஜேம்ஸ் அல்லிசனுக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

சீசாவில் இருப்பது ஏதோ ஒரு மனிதரிடமிருந்து வடித்ததா என்று கேட்டேன். இல்லையாம். மனித ஜீனின் வாசகத்தை வளர்ப்புச் செல்களுக்குள் புகுத்திவிட்டால், அவை அந்தப் புரதத்தைச் செய்து கொடுத்துவிடுகின்றன. இதற்குப் பலரும் பயன்படுத்தும் செல் வம்சம் ஒன்றுக்கு ஹெச்.இ.கே. 293 என்று பெயர். 1973-ல் ஹாலந்தின் லைடன் நகரில், ஒரு மனிதக் கருவின் சிறுநீரகச் செல்களிலிருந்து உண்டாக்கியது. 293 என்பது ஃபிராங்க் கிரஹாம் என்ற விஞ்ஞானியின் சோதனை எண். பிறக்காத அந்த ஜீவனுக்குப் பெயர் இல்லை. சோதனைக்கு எண் இருக்கிறது.

புரதத்தின் ஒரு முனையில் ஹிஸ்டிடின் என்ற அமினோ அமிலம் ஆறு, வால் போலத் தொங்கும்படி செய்திருக்கிறார்கள். நிக்கல் ஏற்றிய மணிகள் அடங்கிய குழாயில் ஊற்றினால் வால் நிக்கலைப் பற்றிக்கொள்ளும். மற்றக் கசடெல்லாம் கழுவிக்கொண்டு போய்விடும்.

பிறகு நண்பர் சொன்னதுதான் என் மனத்தில் தங்கிவிட்டது. முழு பி.டி.-1 சங்கிலியில் 288 கண்ணிகள். சீசாவில் இருப்பது செல்லுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் பகுதி மட்டும். செல்லின் உள்ளே இருந்து 'நிறுத்து' என்று சொல்லும் பகுதி அதில் கிடையாது.

"அப்படியானால் இதனால் எதையும் நிறுத்த முடியாதா?"

"முடியாது. பிடிக்க மட்டும் தெரியும். எங்களுக்கு அது போதும்."

தட்டின் குழிகளில் இதை ஒட்டவைத்து, பி.டி.எல்.-1-ஐ விட்டு, புது மருந்தையும் சேர்க்கிறார்கள். பிடி விட்டால் குழியில் நிறம் மங்கும். மனித உடம்புக்குப் போகுமுன் மருந்து தாண்டவேண்டிய படிகளில் இது ஒன்று. மனிதப் புரதம்தான், ஆனால் மனிதனுக்குக் கொடுக்கக் கூடாது, ஆராய்ச்சிக்கு மட்டும் என்று சீசாவின் மேல் அச்சிட்டிருக்கிறது.

எனக்கு வேண்டிய ஒருவர் நுரையீரல் புற்றுக்கு இந்த வகை மருந்தைப் போட்டுக்கொண்டார். எல்லாருக்கும் பலிப்பதில்லை, அவருக்குப் பலித்தது. கட்டி சுருங்கிற்று. ஆனால் தடை நீங்கிய காவல் படை, போகிற போக்கில் அவருடைய தைராய்டையும் அழித்துவிட்டது. இப்போது தினம் காலையில் ஒரு மாத்திரை. "குடியிருக்க வாடகை கொடுக்கிறேன்" என்கிறார்.

தட்டின் மேல் பிடி விட்டால் நிறம் மங்குகிறது, அவ்வளவுதான். உடம்பில் பிடி விட்டால் ஒருவர் பிழைக்கிறார், ஒருவர் அடிபடுகிறார்; இரண்டு பேரும் ஒரே ஆளாக இருக்கலாம். கையை மட்டும் தனியே எடுத்துப் பரீட்சிப்பது அவசியம். அது இல்லாமல் அவருக்கு மருந்து ஏது? ஆனால் அந்தக் கை இத்தனை நாளும் எதையெல்லாம் தடுத்துக்கொண்டிருந்தது என்பதைச் சீசா சொல்லாது. அதை அவர் கழுத்துக்குள் இருந்த சின்னஞ்சிறு சுரப்பிதான் சொல்லிற்று.