கோட்டுக்குள் நின்ற பனைகள்

படிப்பகத்தின் வாயிலில் வந்து நின்றனர் இருவர். ஒருவர், கணவரை இழந்த தாய். மற்றவர், அவருடைய கொழுந்தனார். இருவருக்கும் இடையே வழக்கு. வழக்குக்குப் பொருள் ஐந்து பனை. சாத்தான்குளத்துச் செம்மண் தேரியில் ஐந்து பனை அற்பப் பொருளோ? பதநீர், கருப்பட்டி, ஓலை, நார், விறகு என ஓர் ஏழைக் குடும்பத்தைத் தாங்கும் தூண்கள் அல்லவோ அவை! நீதிமன்றம் ஏறப் பணமில்லை. "படித்தவர் பார்த்துச் சொன்னால் போதும்" என்று பழைய கிராமப் படத்தின் நகல் ஒன்றை நம் முன் விரித்தனர்.

நாமோ கலைப் பட்டம் பெற்ற ஆசிரியர், வயது இருபத்தைந்து. கேட்கவும் வேண்டுமா! அடிக்கோலை வைத்தோம், அளந்தோம், தீர்ப்பும் வழங்கினோம். ஐந்து பனையும் கொழுந்தனார் பக்கம்! அவர் முகம் மலர்ந்தது. அந்தத் தாய் அழவில்லை. படத்தின் மீது விரலை ஊன்றிக் கேட்டார்:

"இந்தக் கோடு தடியாத்தானே இருக்கு, வாத்தியாரையா? அதுக்குள்ள கெடக்கிற நெலம் யாருக்கு?"

கோடு என்றால் எல்லை, எல்லைக்கு அகலம் கிடையாது என்று ஏதோ மழுப்பினோம். பூசாரி மழுப்பினால் சினந்தெழும் நாம், அன்று பூசாரியாகவே நின்றோம்!

இரவு உறக்கமில்லை. படிப்பகத்துச் சிற்றிதழுக்குக் கணினியில் பக்கம் கட்டுபவர் நாமே. அங்கே எழுத்தின் அளவும் கோட்டின் தடிப்பும் 'பாயிண்ட்' கணக்கு. 12 பாயிண்ட் ஒரு பைக்கா. 72 பாயிண்ட் ஓர் அங்குலம். (ஈய எழுத்துக் காலத்து அமெரிக்கப் பாயிண்ட் இம்மியளவு சிறியது, அங்குலத்துக்கு ஏறத்தாழ 72.27. பனை வழக்குக்கு அந்த நுணுக்கம் வேண்டியதில்லை.) அரைப் பாயிண்ட், ஒன்று, இரண்டு, மூன்று எனக் கோடுகளை அச்சிட்டு நகலின் அருகே வைத்துப் பார்த்தோம். நகலுக்கு நகல் எடுத்து எடுத்துத் தடித்துப் போயிருந்த எல்லைக்கோடு, இரண்டு பாயிண்ட் கோட்டோடு ஒத்து நின்றது.

சரி, இரண்டு பாயிண்ட் தரையில் எவ்வளவு?

நிலம் பேசும் கணக்கு வேறு. இங்கிலாந்தில் 1620-ஆம் ஆண்டளவில் எட்மண்ட் கண்டர் வகுத்த சங்கிலி 66 அடி நீளம். அதில் 100 கண்ணிகள். ஒரு கண்ணி 7.92 அங்குலம். கண்டர் பாதிரியார்தாம், எனினும் சங்கிலியை எண்ணைக் கொண்டே கோத்தார். பத்துச் சதுரச் சங்கிலி சரியாக ஓர் ஏக்கர். ஆயிரம் சதுரக் கண்ணி ஒரு சென்ட். கோணல் எண்ணாகத் தோன்றும் 66-க்குள் எத்துணை ஒழுங்கு! 1956-இல் மெட்ரிக் அளவைக்குச் சட்டம் வந்தது. பட்டாவில் ஹெக்டேரும் ஏரும் ஏறின. மக்கள் நாவிலோ இன்றும் சென்ட்தான்.

ஒரு கண்ணியை அச்சுக் கணக்கில் வைத்தால் 570.24 பாயிண்ட். ஒரு சங்கிலி 57,024 பாயிண்ட். படத்தின் அளவோ மைலுக்கு 16 அங்குலம். மைல் என்பது 80 சங்கிலி. ஆகவே படத்தில் ஓர் அங்குலம் தரையில் ஐந்து சங்கிலி, அதாவது 330 அடி. அதை 72-ஆல் வகுத்தோம். படத்தின் ஒரு பாயிண்ட், தரையில் 55 அங்குலம்! கண்ணிக் கணக்கில் ஏறக்குறைய ஏழு.

எழுதுகோல் கையிலிருந்து நழுவியது. இரண்டு பாயிண்ட் கோடு, 9 அடி 2 அங்குலம். எல்லையின் நீளம் இரண்டு சங்கிலி, 132 அடி. பெருக்கினால் 1,210 சதுர அடி. இரண்டே முக்கால் சென்டுக்கும் சற்று மேல். ஐந்து பனையும் அந்தக் கோட்டுக்குள்ளேயே நின்றன! தாயின் பக்கத்து ஓரத்தில் அடிக்கோலை வைத்து அளந்திருக்கிறோம் நாம். மறு ஓரத்தில் வைத்திருந்தால் ஐந்தும் அவருக்கே போயிருக்கும்.

இந்த முத்துக்குளித்துறைக் கரைக்கு அச்சு புதிதன்று. புன்னைக்காயலில் பணிபுரிந்த அன்றீக் அடிகளார் தமிழில் ஆக்கிய 'தம்பிரான் வணக்கம்' 1578-இல் கொல்லத்தில் அச்சேறியது. நானூறு ஆண்டுக்கு மேலாயிற்று. அச்சில் கண்டதை மெய்யென்று கைகூப்பும் வழக்கம், பகுத்தறிவு பேசும் நம்மிடமும் ஒட்டிக்கொண்டிருக்கிறதே!

விடிந்ததும் இருவர் வீட்டுக்கும் சென்றோம். "நேற்றுச் சொன்னது தவறு" என்றோம். நில அளவைக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுத்தோம். சில வாரங்களில் வந்தார் நில அளவர். அவர் கையில் இருந்தது அந்தப் புலத்துக்கு மட்டும் வரைந்த புலப்படம். அதில் கல்லுக்கும் கல்லுக்கும் இடையே எத்தனை கண்ணி என்று எண்ணால் எழுதப்பட்டிருந்தது. கோட்டை அவர் அளக்கவே இல்லை. எண்ணைப் படித்தார், மீட்டராக மாற்றினார், நாடாவை இழுத்தார். செம்மணலுக்குள் முழ ஆழத்தில் எல்லைக்கல் தட்டுப்பட்டது. மூன்று பனை தாய்க்கு, இரண்டு கொழுந்தனாருக்கு.

அந்தத் தாயிடம் மன்னிப்புக் கேட்டோம். "கருப்பட்டி காய்ச்சயில தாரேன்" என்றார், வேறொன்றும் சொல்லவில்லை. கொழுந்தனார்தாம் தேநீர்க் கடையில் இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறார்: "வாத்தியாரு மொதல்ல சொன்னதுதாம்ய்யா சரி. படிச்சவரு தப்பாவா சொல்லுவாரு?"