குவாவ் பரணில் காயும் சாதிக்காய்

கிரெனடாவின் தேசியக் கொடியில், கம்பத்தை ஒட்டிய பச்சை முக்கோணத்துக்குள் ஒரு சாதிக்காய் வாய் பிளந்து நிற்கிறது. மஞ்சள் தோடு, நடுவில் சிவப்பு. 1974-இல் பிரிட்டனிடமிருந்து விடுதலை பெற்றபோது, தங்கள் அடையாளம் இதுதான் என்று முடிவு செய்த நாடு அது. கரீபியன் கடலின் தென்கிழக்கில், டிரினிடாடுக்கு வடக்கே, சிறு தீவுகளையும் சேர்த்து மொத்தம் 344 சதுர கிலோமீட்டர். பயணக் கையேடுகள் கிராண்ட் ஆன்ஸ் கடற்கரையில் தொடங்கி அங்கேயே முடித்துக்கொள்கின்றன. அந்த மணல் அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் இந்தத் தீவைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் மேற்குக் கரையோரமாக வடக்கே, செயின்ட் ஜான் வட்டாரத்திலுள்ள குவாவ் என்னும் மீனவர் ஊருக்குப் போக வேண்டும்.

தலைநகர் செயின்ட் ஜார்ஜஸிலிருந்து மினி பஸ். இடப்பக்கம் கடல், வலப்பக்கம் காடு, நடுவே வளைந்து வளைந்து ஒடுங்கும் சாலை. இறங்க வேண்டியவர் பஸ்ஸின் உடம்பில் ஓங்கித் தட்டுகிறார், வண்டி நிற்கிறது. மொலினேர் வளைகுடாவைத் தாண்டினோம். அங்கே 2006-இல் ஜேசன் டிகேர்ஸ் டெய்லர் என்ற சிற்பி கடலுக்கடியில் சிலைகளை இறக்கிவைத்தார். அவற்றைப் பார்க்க உலகெங்கிலுமிருந்து ஆட்கள் வந்து முக்குளிக்கிறார்கள். கான்கார்ட் அருவிக்குப் பிரியும் பாதையும் கடந்து போயிற்று. பிறகு குவாவ்.

கடலோரத்தில், மூன்று அடுக்காக நிற்கும் பழைய மரக்கட்டடம்தான் சாதிக்காய் பதப்படுத்தும் நிலையம். உள்ளே காலெடுத்து வைத்ததும் மணம் முகத்தில் அடித்தது. பிறந்த குழந்தைக்கு உரைமருந்து இழைக்கும் வீடுகளில் வளர்ந்தவர்களுக்கு இந்த மணத்தை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. ஆனால் உரைகல்லில் இரண்டு சுற்று இழைக்கும் ஒரு காயைத்தான் நாம் அறிவோம். இங்கே பரண் முழுக்க, தட்டுத் தட்டாக, அதே காய்.

வேலை மரத்தடியிலேயே தொடங்கிவிடுகிறது. சாதிக்காயைப் பெரும்பாலும் பறிப்பதில்லை. பழம் முற்றி வெடித்துத் தானே விழ வேண்டும். சரிவான மலைத்தோட்டத்தில் குனிந்து பொறுக்க வேண்டும். ஈர மண்ணில் கிடந்தால் பூஞ்சை பிடித்துவிடும் என்பதால் பொறுக்குவதைத் தள்ளிப்போட முடியாது. தோட்டைப் பிரித்தால் கொட்டையைச் சுற்றிச் செக்கச்செவேலென்று சாதிபத்திரி. அது கிழியாமல் விரலால் நெகிழ்த்தி எடுக்கிறார்கள். முழுசாக வந்தால் ஒரு விலை, துண்டானால் வேறு விலை. தோட்டையும் வீணாக்குவதில்லை, ஜாமும் பாகும் ஆகிறது.

நிலையத்துக்கு வந்த ஈரக்காயை எடைபோட்டு மேல்மாடிக்கு ஏற்றுகிறார்கள். அங்கே வெயில் நேராகப் படாது. பரந்த மரத்தட்டுகளில் ஆறு முதல் எட்டு வாரம் நிழலிலேயே காய்கிறது. சூடு மிஞ்சினால் எண்ணெய் போய்விடும் என்று, மரவாரியால் காயைப் புரட்டிக்கொண்டிருந்த பெரியவர் சொன்னார். காய்ந்துவிட்டதா என்று அறிய அவர் கருவி எதையும் எடுக்கவில்லை. ஒரு காயை எடுத்துக் காதருகே குலுக்கினார். பருப்பு ஓட்டை விட்டுக் கழன்று ‘கடகட’வென்று ஆடினால் கீழே அனுப்பலாம். ஆடாததைத் திரும்பத் தட்டில் போட்டார்.

கீழ்த்தளத்தில் ஓடு உடைக்க எந்திரம் இருக்கிறது. எந்திரத்தின் பங்கு அவ்வளவுதான். உடைந்த ஓட்டையும் பருப்பையும் பிரிப்பது, சொத்தையைக் களைவது, அளவு பார்ப்பது எல்லாம் கைவேலை. நீண்ட மேசைகளின் இருபுறமும் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களின் விரல்கள் ஓடிய வேகத்துக்கு என் கண் ஈடுகொடுக்கவில்லை. பிறகு தண்ணீர்த் தொட்டி. பருப்பைக் கொட்டினால் நல்லது மூழ்கும். பூச்சி தின்றதும் உள்ளீடு இல்லாததும் மிதக்கும். மிதப்பது எண்ணெய் எடுக்கப் போகும். மூழ்கியதை மறுபடி உலர்த்தி, தரம் பிரித்து, சணல் சாக்கில் தைத்து, போகும் துறைமுகத்தின் பெயரை மை கொண்டு பதிக்கிறார்கள். பத்திரிக்குத் தனி வழி: பெட்டிகளில் மாதக்கணக்கில் கிடந்து, சிவப்பு வெளுத்து, மஞ்சளாகும்வரை காத்திருப்பு.

மேசையிலிருந்த ஒரு மூத்த பெண்ணிடம், சொத்தையை எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள் என்று கேட்டேன். அவர் தலை நிமிராமலே ஒரு பருப்பை என் உள்ளங்கையில் வைத்தார், அதன்மேல் இன்னொன்று. “கனம் பாருங்கள்” என்றார். எனக்கு இரண்டும் ஒன்றாகவே இருந்தன. அவர் ஒன்றை ஒதுக்கினார். அதே மேசையில்தான் தம் தாயும் வேலை பார்த்ததாகச் சொன்னார்.

இந்தத் தொழிலின் பெரிய எதிரி காற்று. 1843-இல் இங்கே ஊன்றிய மரம் தீவின் செல்வமாக வளர்ந்தது. 1947-இல் விவசாயிகள் கூட்டுறவுச் சங்கம் அமைத்தார்கள். காய் கொடுத்தவுடன் எடைக்கு முன்பணம், ஆண்டு முடிவில் உபரியில் பங்கு என்பது அதன் முறை. 1955-இல் ஜேனட் புயல் தோட்டங்களை வாரிக்கொண்டு போயிற்று. திரும்ப நட்டார்கள். இந்தோனேசியாவுக்கு அடுத்த இடம் என்று உலகம் பேசும் அளவுக்கு வந்தார்கள். 2004 செப்டம்பர் 7 அன்று ஐவன் புயல் மீண்டும் பெரும்பாலான மரங்களைச் சாய்த்தது. அடுத்த ஆண்டே எமிலி வந்தது.

வாழையானால் ஓராண்டில் குலை தள்ளும். சாதிக்காய் அப்படியல்ல. விதையிட்ட கன்று பூக்க ஆறேழு ஆண்டுகள். பூத்த பிறகுதான் அது ஆண் மரமா, பெண் மரமா என்பதே தெரியும்; ஆண் மரம் காய்க்காது. நிறைந்த விளைச்சலுக்கு இன்னும் பல ஆண்டுகள். அறுபது வயது விவசாயி, விழுந்த மரங்களை அறுத்து அகற்றிவிட்டு இதை மறுபடி நட வேண்டுமென்றால் எந்த நம்பிக்கையில் நடுவார்? பலர் கொக்கோவுக்கு மாறினார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நட்டவர்களைத்தான் வியந்து பார்க்கிறேன்.

கூட்டுறவு விவசாயியைத் தரகர்களிடமிருந்து மீட்டது பெரிய காரியம். ஆனால் உபரிப் பங்கு காய் கொடுத்தவருக்கு உரியது; மேசையில் உட்கார்ந்து தரத்தைத் தீர்மானிக்கும் பெண்களின் வேலை கூலிக்கணக்கில் முடிந்துவிடுகிறது. சாக்கில் நாட்டின் பெயர் உண்டு, துறைமுகத்தின் பெயர் உண்டு. வெளிநாட்டு வணிகர் நம்பி வாங்குவது அந்தப் பெண்களின் உள்ளங்கைக் கணக்கை. அதற்குரிய விலை அவர்களுக்கும் போய்ச் சேர வேண்டும் என்பதில் எனக்கு ஐயமே இல்லை.

கிரெனடாவுக்குப் போகும் வாய்ப்புக் கிடைத்தால், கடற்கரைக்கு முன்னால் குவாவுக்கு ஒரு காலைப்பொழுதை ஒதுக்குங்கள். வேலை நாளாகப் பார்த்துப் போங்கள். சிறு கட்டணத்துக்கு உள்ளே அழைத்துச் சென்று காட்டுகிறார்கள். வெள்ளிக்கிழமையானால் இரவுவரை இருங்கள், தெருவிலேயே மீன் சுட்டுத் தருவார்கள். செயின்ட் ஜார்ஜஸ் சந்தையில் சாதிக்காய் வாங்கும்போது பொடியைத் தொடாதீர்கள். ஓடு உடைக்காத முழுக்காயாகக் கேட்டு வாங்கி, காதருகே குலுக்கிப் பாருங்கள். பருப்பு ஆடுகிற காயாக எடுங்கள். ஓட்டுக்குள் அதன் மணம் நெடுநாள் நிற்கும்.