குட்டீஸோடு டெல்லி டூர் போறீங்களா? டிக்கெட் போடும் முன் இதைப் படிச்சிடுங்க!

“இந்த லீவுக்கு எங்கே போறோம்?” என்று பேச்சு எடுத்தாலே பல வீடுகளில் டெல்லி பெயர் அடிபடும். பாடப்புத்தகத்தில் பார்த்த செங்கோட்டை, டி.வி-யில் பார்த்த குடியரசு தின அணிவகுப்பு, பக்கத்து வீட்டுப் பையன் காட்டிய தாஜ்மஹால் போட்டோ எல்லாம் சேர்ந்து பிள்ளைகளுக்கு அந்த ஊர்மேல் தனி ஆசை. பெரியவர்களுக்கும், ‘ஒரு தடவையாவது தலைநகரைப் பார்த்துடணும்’ என்று மனசுக்குள் இருக்கும்.

ஆனால், டெல்லி ரொம்பப் பெரிய ஊர். செங்கோட்டையிலிருந்து குதுப் மினாருக்குப் போகவே சுமார் 20 கிலோமீட்டர். நினைவுச்சின்னங்களுக்குள் நுழைந்த பிறகும் நடை, நடை, நடைதான். கல்யாணத்துக்கு முன் நண்பர்களோடு போய் ஒரே நாளில் ஏழு இடம் பார்த்த கணக்கெல்லாம் நாலு வயதுக் குழந்தையிடம் செல்லுபடியாகாது. மதியம் இரண்டு மணிக்கு, ‘என்னைத் தூக்கு’ என்று குழந்தை உட்கார்ந்துவிட்டால் அன்றைய புரோகிராம் அத்தோடு முடிந்தது. ஆயிரக்கணக்கில் செலவழித்துப் போகும் பயணம் எல்லோருக்கும் இனிமையாக இருக்க, வீட்டிலேயே முடிவு செய்ய வேண்டிய சில விஷயங்கள் இருக்கின்றன.

எந்த மாதம் போகலாம்?

குழந்தைகளோடு போகும்போது முதலில் பார்க்க வேண்டியது காலண்டரைத்தான். நம் பள்ளி விடுமுறையும் டெல்லியின் நல்ல பருவமும் ஒத்தே போகாது என்பதுதான் இதில் சிக்கல்.

கோடை விடுமுறை என்றால் மே மாதம். அப்போது டெல்லியில் வெயில் 40 டிகிரியைத் தாண்டி, சில நாள்களில் 45-ஐயும் தொடும். சென்னை வெயிலில் வியர்த்துக் கொட்டும். அங்கே ‘லூ’ என்று சொல்லும் வறண்ட அனல்காற்று வீசுவதால் வியர்ப்பதே தெரியாமல் உடம்பில் நீர் வற்றிப்போகும். சின்னக் குழந்தைகளுக்கு அது ஆபத்து.

அரையாண்டு விடுமுறையில் போனால் குளிரும் பனிமூட்டமும். டிசம்பர் கடைசியிலும் ஜனவரியிலும் மூடுபனியால் ரயில்கள் பல மணி நேரம் தாமதமாகும், விமானங்களும் தள்ளிப்போகும். அப்போதுதான் போக முடியும் என்றால், பள்ளி திறப்பதற்கு முந்தைய நாள் ஊர் திரும்புவதுபோல டிக்கெட் போடாதீர்கள். ஒரு நாளாவது கையிருப்பு வைத்துக்கொள்ளுங்கள். ஜனவரியில் குடியரசு தினத்தையொட்டி இந்தியா கேட், செங்கோட்டைப் பகுதிகளில் கட்டுப்பாடுகள் இருக்கும் என்பதையும் மறக்க வேண்டாம். சுதந்திர தினத்தை ஒட்டிய ஆகஸ்ட் நாள்களிலும் செங்கோட்டைக்குள் பார்வையாளர்களை விட மாட்டார்கள்.

காலாண்டு விடுமுறை ஓரளவு கைகொடுக்கும். செப்டம்பர் கடைசியில் அங்கே மழை விடைபெறும். பகலில் வெயில் இருந்தாலும் மே மாத அளவுக்கு வாட்டாது. தசரா அந்த நேரத்தில் வந்தால், மைதானத்தில் ராவணன் உருவத்தை எரிப்பதையும் பிள்ளைகள் பார்க்கலாம். இன்னும் பள்ளியில் சேராத குழந்தை என்றால் யோசிக்கவே வேண்டாம், பிப்ரவரி, மார்ச்தான் பெஸ்ட். குடியரசுத் தலைவர் மாளிகையின் ‘அம்ரித் உத்யான்’ தோட்டத்தையும் பொதுமக்களுக்குத் திறந்துவிடும் காலம் அது.

காற்றையும் பாருங்கள்!

அக்டோபர் பின்பகுதியிலிருந்து ஜனவரி வரை டெல்லியின் காற்று மோசமாக இருக்கும். பக்கத்து மாநிலங்களில் வயல்களில் வைக்கோல் தாள்களை எரிப்பது, வாகனப் புகை, தீபாவளிப் பட்டாசு என எல்லாம் சேர்ந்துகொள்ளும். குளிரில் காற்று அசையாமல் நிற்பதால் புகை கலையாமல் ஊரின் மேலேயே தங்கிவிடும்.

காற்றுத் தரக் குறியீட்டை மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் ‘சமீர்’ ஆப்பில் தினமும் பார்க்கலாம். 200-ஐத் தாண்டினால் ‘மோசம்’, 300-ஐத் தாண்டினால் ‘மிக மோசம்’, 400-ஐத் தாண்டினால் ‘கடுமை’. குழந்தைக்கு வீசிங், ஆஸ்துமா இருந்தால் இந்த மாதங்களைத் தவிர்த்துவிடுவதே நல்லது. எந்த மாதம் போனாலும் இன்ஹேலர், நெபுலைசர் விஷயத்தில் குழந்தை மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

ரயிலா, விமானமா?

சென்னை சென்ட்ரலில் இரவு 10 மணிக்குக் கிளம்பும் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ், சுமார் 2,180 கிலோமீட்டர் ஓடி, மூன்றாம் நாள் காலையில் புது டெல்லி சேரும். இரண்டு இரவு, ஒரு முழுப் பகல். விமானத்தில் மூன்று மணி நேரத்துக்குள் போய்விடலாம்.

ரயிலில் 5 வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குத் தனி பெர்த் கேட்காவிட்டால் டிக்கெட் வேண்டாம். 5 முதல் 11 வயது வரை, பெர்த் வேண்டாம் என்றால் அரை டிக்கெட். பெர்த் வேண்டும் என்றால் முழு டிக்கெட். இங்கே சிக்கனம் பார்க்க வேண்டாம் என்பது என் கருத்து. ஏழு வயதுப் பிள்ளையோடு ஒரே பெர்த்தில் இரண்டு ராத்திரி படுத்துப் பார்த்தால், மிச்சம் பிடித்த காசு தூக்கத்தில் போயிருக்கும். டெல்லியில் இறங்கும்போதே எல்லோரும் களைத்திருப்பீர்கள். முன்பதிவு 60 நாள்களுக்கு முன் தொடங்கும், விடுமுறைக் காலத்தில் சீக்கிரமே தீர்ந்துவிடும்.

விமானத்தில் 2 வயது நிறைந்த குழந்தைக்குத் தனி சீட் வாங்க வேண்டும். வயதுச் சான்றுக்குப் பிறப்புச் சான்றிதழோ ஆதாரோ கையில் இருக்கட்டும். போகும்போது ரயில், வரும்போது விமானம் என்று வைத்துக்கொண்டால் பர்ஸும் தாங்கும், உடம்பும் தாங்கும்.

எங்கே தங்கலாம்?

ஹோட்டலின் நட்சத்திரத்தை விட, மெட்ரோ ஸ்டேஷன் எவ்வளவு பக்கம் என்று பாருங்கள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடந்து போகும் தூரத்தில் ஸ்டேஷன் இருந்தால் பாதிக் கவலை தீர்ந்தது. பஹாட்கஞ்ச் ரயில் நிலையத்துக்கு அருகில் இருக்கும், வாடகையும் குறைவு. ஆனால் சந்துகளும் இரைச்சலும் அதிகம். கரோல் பாகில் மெட்ரோ வசதி உண்டு, இட்லி, தோசை கிடைக்கும் கடைகளும் உண்டு. அறையை உறுதி செய்யும் முன், வெந்நீர் எந்த நேரமும் வருமா, லிப்ட் இருக்கிறதா, பால் காய்ச்சிக் கொடுப்பார்களா என்று போனில் கேட்டுவிடுங்கள்.

மெட்ரோவில் போகும்போது...

டெல்லியில் குடும்பமாகச் சுற்ற மெட்ரோவை மிஞ்ச ஆளில்லை. 90 சென்டிமீட்டர் உயரம் வரையுள்ள குழந்தைகளுக்கு, பெரியவர்களோடு வந்தால், டிக்கெட் கிடையாது. விமான நிலையத்தின் மூன்றாம் முனையத்திலிருந்து புது டெல்லி ஸ்டேஷனுக்கு ஏர்போர்ட் எக்ஸ்பிரஸில் சுமார் 20 நிமிடம்தான்.

எல்லா ஸ்டேஷனிலும் பாதுகாப்புச் சோதனை உண்டு. ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனி வரிசை என்பதால், எந்தக் குழந்தை யாரோடு போவது என்று முன்பே முடிவு செய்யுங்கள். பழம் நறுக்க எடுத்து வந்த கத்தியெல்லாம் பையில் வேண்டாம். ரயிலின் முதல் பெட்டி பெண்களுக்கானது. அவசரத்தில் அம்மா அதில் ஏறிவிட்டால் அப்பா வேறு பெட்டிக்கு ஓட வேண்டியிருக்கும். எல்லோரும் நடுப்பெட்டியில் ஏறுவதே நல்லது. காலை, மாலை அலுவலக நேரத்தில் ஸ்ட்ரோலரோடு மெட்ரோ பக்கம் போகாதீர்கள். ராஜீவ் சௌக் ஸ்டேஷன் கூட்டம் நம் தி.நகர் தீபாவளிக் கூட்டத்துக்கு அண்ணன்!

திங்கட்கிழமையில் மாட்டிக்கொள்ளாதீர்கள்

செங்கோட்டை, தேசிய ரயில் அருங்காட்சியகம், காந்தி ஸ்மிருதி, தாமரைக் கோயில், அக்‌ஷர்தாம் எல்லாவற்றுக்கும் திங்கட்கிழமை விடுமுறை. தாஜ்மஹாலுக்கும் டெல்லி மிருகக்காட்சி சாலைக்கும் வெள்ளிக்கிழமை விடுமுறை. அதனால் திங்கட்கிழமை வந்தால் குதுப் மினார், மிருகக்காட்சி சாலை, ஹுமாயூன் கல்லறை என்று வைத்துக்கொள்ளுங்கள். தொல்லியல் துறையின் நினைவுச்சின்னங்களில் 15 வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் கட்டணம் இல்லை. பெரியவர்களுக்கான டிக்கெட்டை போனிலேயே எடுத்துவிட்டால், வெயிலில் வரிசையில் நிற்கும் வேலை மிச்சம்.

குழந்தைகளுக்குப் பிடித்த 5 இடங்கள்

1. தேசிய ரயில் அருங்காட்சியகம்: சாணக்யபுரியில் 1977-ல் திறக்கப்பட்டது. நிஜ நீராவி இன்ஜின்களை வெட்டவெளியில் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். ஒரே தண்டவாளத்தில் ஓடிய பாட்டியாலா மோனோ ரயிலை அவசியம் காட்டுங்கள். சாயாமல் இருக்க, ஒரு பக்கம் பெரிய சக்கரம் சாலையில் உருளும்படி செய்திருப்பார்கள். குட்டி ரயில் சவாரியும் உண்டு. டூரின் முதல் நாளுக்கு ஏற்ற இடம்.

2. சங்கர் பொம்மை அருங்காட்சியகம்: கார்ட்டூனிஸ்ட் சங்கர் பிள்ளை 1965-ல் தொடங்கியது. குழந்தைகளுக்கான போட்டியில் பரிசாகக் கொடுக்க வந்த ஹங்கேரி நாட்டுப் பொம்மை ஒன்று அவருக்கே பிடித்துப்போனது. அப்படி ஆரம்பித்த சேகரிப்பு, சுமார் 85 நாடுகளின் ஆயிரக்கணக்கான பொம்மைகளாக வளர்ந்தது. நம் வீட்டுக் கொலுவை ரசிக்கும் குழந்தைகள் இங்கிருந்து நகரவே மாட்டார்கள். ஐ.டி.ஓ மெட்ரோ அருகில் இருக்கிறது.

3. ஹுமாயூன் கல்லறையும் சுந்தர் நர்சரியும்: இரண்டும் பக்கத்துப் பக்கத்தில். காலையில் கல்லறையைப் பார்த்துவிட்டு, சுமார் 90 ஏக்கரில் விரியும் சுந்தர் நர்சரிக்குள் போய்விடுங்கள். புல்வெளி, நீரூற்று, மயில், பறவைகள் என்று பிள்ளைகள் இஷ்டத்துக்கு ஓடலாம். கையில் பாயும் கட்டுச்சோறும் இருந்தால் அரை நாள் போவதே தெரியாது.

4. இந்தியா கேட், தேசிய போர் நினைவிடம்: மாலையில் போக வேண்டிய இடம். 42 மீட்டர் உயர இந்தியா கேட் 1931-ல் திறக்கப்பட்டது. போர் நினைவிடம் 2019-ல். உயிர்நீத்த 25,000-க்கும் அதிகமான வீரர்களின் பெயர்களைக் கிரானைட் சுவர்களில் பொறித்திருக்கிறார்கள். எழுத்துக் கூட்டிப் படிக்கும் வயதுப் பிள்ளைகளிடம், “நம்ம ஊர்ப் பெயர் இருக்கா, தேடு” என்று சொல்லிப் பாருங்கள். பரம்வீர் சக்ரா பெற்ற 21 பேரின் சிலைகளில் மேஜர் ராமசாமி பரமேஸ்வரனின் சிலையும் உண்டு.

5. காந்தி ஸ்மிருதி: காந்தி தன் கடைசி 144 நாள்களைக் கழித்த வீடு. 1948 ஜனவரி 30 மாலை, பிரார்த்தனைக்காக அவர் நடந்த பாதையில் காலடித் தடங்களைச் செதுக்கி வைத்திருக்கிறார்கள். அனுமதி இலவசம். அந்தத் தடங்களுக்குப் பக்கத்தில் நடந்துபோகும் குழந்தை, அவை நிற்கும் இடத்தில் கட்டாயம் ஒரு கேள்வி கேட்கும். பதிலை யோசித்து வையுங்கள்.

குதுப் மினாருக்குப் போனால், “மேலே ஏறலாமா?” என்று கேட்பார்கள். 1981-ல் நடந்த நெரிசல் விபத்துக்குப் பிறகு யாரையும் ஏற விடுவதில்லை என்பதை வண்டியிலேயே சொல்லிவிடுங்கள். அங்கே போய் அழுகையைச் சமாளிப்பதை விட அது சுலபம்.

ஆக்ராவைச் சேர்ப்பதாக இருந்தால் டெல்லியில் மூன்று நாள்கள் போக, அதற்குத் தனியாக ஒரு முழு நாள் ஒதுக்குங்கள். ஒரு நாளுக்குக் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என இரண்டு இடங்கள் போதும். மதியம் அறைக்குத் திரும்பி ஒரு தூக்கம். இந்த ஒரு விதியைக் காப்பாற்றினாலே பாதி டூர் வெற்றி!

‘காரம்’ என்று சொல்லாதீர்கள்!

சாப்பாட்டில் ஒரு வேடிக்கையான ஆபத்து இருக்கிறது. இந்தியில் ‘கரம்’ என்றால் சூடு. “காரம் வேண்டாம்” என்று நாம் தமிழும் சைகையுமாகச் சொன்னால், ஆறிப்போன உணவு வந்தாலும் வரும். “மிர்ச்சி மத் டாலியே” (மிளகாய் போடாதீங்க), “தஹி” (தயிர்), “கரம் பானி” (வெந்நீர்) ஆகிய மூன்றும் தெரிந்தால் சமாளிக்கலாம். கிச்சடி என்று கேட்டால் அரிசி, பருப்பு சேர்த்துக் குழைய வேகவைத்துத் தருவார்கள். நம் பருப்பு சாதத்துக்கு நெருங்கிய சொந்தம். சாதா பரோட்டாவும் தயிரும் எங்கும் கிடைக்கும். தண்ணீர் மட்டும் சீல் வைத்த பாட்டில்தான். ஓ.ஆர்.எஸ் பாக்கெட் பையில் இருக்கட்டும்.

தொலைந்துபோனால்..?

யோசிக்கவே பயமாக இருந்தாலும், வீட்டில் உட்கார்ந்து பேச வேண்டிய விஷயம் இது. தமிழ் மட்டும் பேசும் குழந்தை டெல்லிக் கூட்டத்தில் பிரிந்துவிட்டால், உதவ வருபவருக்கும் அது சொல்வது புரியாது. அதனால், பெற்றோரின் போன் நம்பர்களையும் ஹோட்டல் பெயரையும் இந்தியிலும் ஆங்கிலத்திலும் எழுதி, குழந்தையின் பாக்கெட்டில் தினமும் வையுங்கள். குழந்தையின் பெயரை வெளியில் தெரியும்படி எழுதாதீர்கள். முன்பின் தெரியாதவர் பெயர் சொல்லிக் கூப்பிட அதுவே வழியாகிவிடும். காலையில் கிளம்பும்போது குழந்தையை ஒரு போட்டோ எடுத்துவிடுங்கள். அன்று என்ன நிறச் சட்டை என்பது பதற்றத்தில் நினைவுக்கு வராது.

பெரிய பிள்ளைகளுக்கு ஒரு மெட்ரோ விதி சொல்லிக்கொடுங்கள்: நீ ரயிலில் ஏறி நாங்கள் ஏறாவிட்டால், அடுத்த ஸ்டேஷனில் இறங்கி அங்கேயே நில். நீ பிளாட்பாரத்தில் இருந்துவிட்டால் நகராதே, சீருடையில் இருப்பவரிடம் சீட்டைக் காட்டு. அக்‌ஷர்தாமுக்குள் போன் கொண்டுபோக முடியாது. ஆகவே, பிரிந்தால் எங்கே சந்திப்பது என்று நுழையும் முன்பே ஓர் இடத்தைக் காட்டிவிடுங்கள். அவசர உதவிக்கு 112, குழந்தைகள் உதவிக்கு 1098, ரயில் பயணத்தில் 139.

பையில் இருக்க வேண்டியவை

* காய்ச்சல், வாந்தி, வயிற்றுப்போக்குக்கு மருத்துவர் எழுதிக்கொடுத்த மருந்துகள்
* குளிர்காலம் என்றால் குல்லா, சாக்ஸ், அடுக்கடுக்காகப் போடும் மெல்லிய உடைகள்
* ஏற்கெனவே போட்டுப் பழகிய செருப்பு, ஷூ (புதுசு கடிக்கும்!)
* டயப்பர், ஈர டிஷ்யூ, ஒரு செட் மாற்றுடை
* பிளாஸ்க், சத்துமாவு, முறுக்கு, கடலை மிட்டாய்
* எல்லோருடைய அடையாள அட்டை நகல்

கடைசியாக ஒன்று. மேலே சொன்ன இடங்களின் படங்களைப் போனில் காட்டி, “இதில் உனக்குப் பிடிச்ச ஒண்ணைச் சொல்லு” என்று குழந்தையிடமே கேளுங்கள். அது பொம்மை மியூசியமாக இருந்தால், அதற்காக ஒரு கோட்டையைத் தியாகம் செய்யலாம், தப்பில்லை. செங்கோட்டை 1648-லிருந்து அங்கேயேதான் இருக்கிறது, அடுத்த தடவை பார்த்துக்கொள்ளலாம். ஹேப்பி ஜர்னி!