மீட்டரில் ஒரு பொட்டு

லாரி கேபினில் ஏறி உட்கார்ந்தால் ஸ்டீயரிங்குக்குப் பின்னால் வரிசையாக மீட்டர்கள். ஸ்பீடு, டீசல், டெம்பரேச்சர் எல்லாம் நமக்கும் தெரிந்தவைதான். கூடவே எண்ணெய்க் குவளை படம் போட்டு ஒன்று இருக்கும். ஆயில் பிரஷர் மீட்டர். உங்கள் காரிலும் அந்தப் படம் உண்டு. சாவியைத் திருப்பியதும் சிவப்பாக எரிந்து, இன்ஜின் ஸ்டார்ட் ஆனதும் அணைந்துவிடுமே, அந்த அலாவுதீன் விளக்கு. பெரும்பாலான கார்களில் வெறும் விளக்குதான். லாரியில் முள்ளும் உண்டு.

பலரும் நினைப்பதுபோல் இந்த முள், ஆயில் எவ்வளவு இருக்கிறது என்று சொல்வதில்லை. அதற்கு டிப் ஸ்டிக் இருக்கிறது. மொட்டைமாடித் தொட்டி நிறையத் தண்ணீர் இருந்தும் குளியலறைக் குழாயில் நூல் மாதிரி வருகிறதல்லவா? அதே கதை இங்கேயும் நடக்கும். லாரி இன்ஜினின் அடியில் லிட்டர் கணக்கில் ஆயில் இருக்கலாம். அது போய்ச் சேரவேண்டிய இடத்துக்கு அழுத்தத்தோடு போகிறதா என்பதுதான் முள் சொல்லும் சேதி.

போய்ச் சேரவேண்டிய முக்கியமான இடம், க்ராங்க் ஷாஃப்ட் சுற்றுகிற பேரிங்குகள். டன் கணக்கில் சரக்கை இழுக்கும் அந்த இரும்புத் தண்டு, ஓடும்போது பேரிங்கைத் தொடுவதே இல்லை. தலைமுடியைவிட மெல்லிய எண்ணெய்ப் படலத்தின் மேல் மிதக்கிறது. பம்ப் ஆயிலைத் தள்ளுகிறது, குறுகலான இடைவெளி தடுக்கிறது, அதில் பிறப்பதுதான் பிரஷர். தோட்டத்து ரப்பர் குழாயின் வாயைக் கட்டைவிரலால் பாதி அடைத்துப் பாருங்கள், புரியும். விரலைத் தளர்த்தினால் அழுத்தம் போச்சு. பேரிங் தேய்ந்து இடைவெளி கூடுவது, விரலைத் தளர்த்துகிற மாதிரிதான்.

யூஜின் போர்டோன் என்ற பிரெஞ்சுக்காரர் 1849-ல் காப்புரிமை வாங்கிய சங்கதி ஒன்று பழைய லாரி மீட்டர்களுக்குள் இருந்தது. வளைந்த ஒரு சின்ன உலோகக் குழாய். திருவிழாவில் பிள்ளைகள் ஊதினால் சுருள் பிரிந்து நீளுமே காகிதப் பீப்பி, அந்த மாதிரி. உள்ளே அழுத்தம் ஏற ஏற வளைவு நிமிரும், முள் நகரும். இப்போதெல்லாம் இன்ஜினில் ஒரு சென்சார், அங்கிருந்து டேஷ்போர்டுக்கு மின்சாரம்.

சில மாதங்களுக்கு முன் நாமக்கல்லிலிருந்து ஓசூர் போகிற லாரி ஒன்றில் தொற்றிக்கொண்டேன். டிரைவருக்கு ஐம்பது வயது இருக்கும். விடியற்காலையில் ஸ்டார்ட் செய்ததும் முள் ஜம்மென்று மேலே ஏறி நின்றது. 'நல்ல பிரஷர்!' என்றேன். சிரித்தார்.

"அது இன்ஜின் பலம் இல்லீங்க சார். குளுருக்கு ஆயில் கெட்டியா இருக்குது. நகர மாட்டேங்குது, அதான் ஏறி நிக்குது."

தொப்பூர் கணவாயில் லோடோடு மூச்சு வாங்கி ஏறி முடித்து, ஒரு டீக்கடை ஓரம் நிறுத்தினார். டர்போ சூடு தணியட்டும் என்று இன்ஜினை அணைக்காமல் இரண்டு நிமிஷம் விட்டார். முள் சரசரவென்று இறங்கியது. நான் அவரைப் பார்த்தேன். ஆக்ஸிலேட்டரை லேசாக மிதித்தார். முள் ஏறியது. சூட்டில் ஆயில் இளகும், ஐடிலில் பம்ப்பும் மெதுவாகச் சுற்றும், அதனால் இறங்கத்தான் செய்யும். நம் சாலைகளில் நிறைய ஓடிய கம்மின்ஸ் 6பிடி இன்ஜினுக்கு, சூடான ஐடிலில் குறைந்தபட்சம் 10 பி.எஸ்.ஐ., முழு வேகத்தில் 30 பி.எஸ்.ஐ. இருக்கவேண்டும் என்பது கம்பெனிக் கணக்கு. காலையில் பார்த்த நம்பரை மத்தியானம் எதிர்பார்க்கக் கூடாது.

அப்போதுதான் கவனித்தேன். மீட்டர் கண்ணாடியில் ஒரு சிவப்புப் பொட்டு.

"மககிட்ட வாங்குன நெயில் பாலிஷ் சார். வண்டி நல்லா இருக்கையில, சூட்டோட ஐடில்ல முள் எங்க நின்னுச்சோ அங்க வெச்சேன். இதுக்குக் கீழ போக ஆரம்பிச்சா ஏதோ கோளாறுன்னு அர்த்தம்."

என்ன கோளாறு? பேரிங் தேய்மானமாக இருக்கலாம். பம்ப்புக்கு முன்னால் உள்ள சல்லடை அடைத்திருக்கலாம். டீசல் கசிந்து ஆயிலில் கலந்து அதை நீர்க்கச் செய்திருக்கலாம். இந்தக் கடைசிக் கேஸில் டிப் ஸ்டிக்கில் ஆயில் அளவு ஏறிக் காட்டும். சந்தோஷப்படக் கூடாது!

டீ குடித்துக்கொண்டே இன்னொரு கதை சொன்னார். முந்தைய முதலாளியிடம் இருந்தபோது, கிருஷ்ணகிரி தாண்டி ராத்திரியில் முள் திடீரென்று பூஜ்யத்தில் விழுந்தது. சத்தத்தில் மாற்றமே இல்லை. இவர் ஓரம்கட்டி இன்ஜினை அணைத்துவிட்டார். போனில் முதலாளி, "ரெண்டு கிலோமீட்டர்ல பட்டறை இருக்குதுல்ல, மெதுவா ஓட்டிட்டுப் போப்பா" என்றார். இவர் அசையவில்லை. காலையில் மெக்கானிக் வந்து தனி மீட்டர் மாட்டிப் பார்த்தார். பிரஷர் பிரமாதம். சென்சார்தான் அவுட். சில நூறு ரூபாய் சமாச்சாரம். லோடு அரை நாள் லேட். அந்த டிரிப் பேட்டாவைப் பிடித்துக்கொண்டார்கள்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் இரண்டு கிலோமீட்டருக்கு மூன்று நிமிஷம். நிமிஷத்துக்கு 1,500 சுற்று என்றால் 4,500 சுற்று. முள் சொன்னது நிஜமாக இருந்திருந்தால், அத்தனையும் எண்ணெய் இல்லாமல் இரும்போடு இரும்பு. பட்டறை வாசலுக்குப் போவதற்குள் க்ராங்க் இறுகியிருக்கும். செலவு லட்சங்களில்.

"மீட்டர் பொய் சொல்லுதான்னு வண்டிய ஓட்டிப் பாத்துக் கண்டுபிடிக்க முடியாதுங்க சார்" என்றார்.

பி.காமில் எங்களுக்கு இதைப் பாடமாகவே வைத்திருந்தார்கள். வரக்கூடிய நஷ்டத்தை முன்கூட்டியே கணக்கில் எழுது, லாபத்தை மட்டும் கைக்கு வந்த பிறகு எழுது. அந்த முதலாளியின் ஆடிட்டரும் வருஷா வருஷம் அப்படித்தான் எழுதியிருப்பார். முதலாளி செய்தது நேர்மாறு. சரியாக நின்றவருக்கு அபராதம் போட்டார். இனி அங்கே வேலைக்கு வருகிற டிரைவர் எதைப் பார்த்து முடிவெடுப்பார், முள்ளையா, பேட்டாவையா?

உங்கள் காரில் ஓடும்போது அந்த அலாவுதீன் விளக்கு எரிந்தால், வீடு பக்கத்தில்தானே என்று ஓட்டாதீர்கள். பத்திரமான இடமாக ஓரம்கட்டி, சாவியைத் திருப்பி அணைத்துவிடுங்கள். பூதம் வரும், ஆனால் அது பில்லோடு வரும்.

"மறுபடி முள் விழுந்தா நிறுத்துவீங்களா?" என்று அவரைக் கேட்டேன்.

"நான் நிறுத்திருவேன் சார். புதுசா வர்ற பசங்க நிறுத்துவாங்களான்னுதான் தெரியல" என்றார்.